அம்புலன்ஸ் வரும் வரையில் நம் கடமை

(திருவிழாத் தொண்டர்களுக்காக ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா நெருங்கிவிட்டது. வேலைகளைப் பங்கிட்டுக் கொண்டுவிட்டோம். அன்னதானத்திற்கு ஒரு குழு, இரதத்திற்கு ஒரு குழு, வாகன நிறுத்தத்திற்கு ஒரு குழு. காலணிகளைப் பார்த்துக் கொள்ளவும் ஒரு குழு உண்டு. கூட்டத்தில் ஒருவர் சாய்ந்து விழுந்தால் அவரிடம் ஓடுவதற்கு எந்தக் குழு என்று கேட்டால், "அம்புலன்ஸைக் கூப்பிடுவோம்" என்கிறோம். அது சரியான விடைதான். ஆனால் முழுமையான விடை அன்று. கூப்பிட்ட வண்டி வந்து சேரும் வரையில் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு இரத்தம் செல்வது நின்றுபோகிறது. நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பழுதுபடத் தொடங்குகிறது. எந்த உதவியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. திருவிழா நாளில், வண்டிகள் இருபுறமும் நிற்கும் நம் ஆலயச் சாலையில், எவ்வளவு திறமையான ஓட்டுநராலும் நான்கு நிமிடத்தில் வந்துவிட முடியுமா? ஆகவே அந்த முதல் நிமிடங்கள் மருத்துவருக்கு உரியவை அல்ல. விழுந்தவருக்கு அருகில் நிற்பவருக்கு உரியவை.

இதை ஷா ஆலத்தில் வாழும் நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெய்த பெருமழையில் 25ஆவது செக்‌ஷனிலுள்ள தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் ஓர் இரவுக்கு மேலாகத் தவித்தனர். மீட்புப் படையினர் எல்லா வீடுகளையும் எட்டுவதற்கு முன்பே, கிடைத்த படகுகளைக் கொண்டு முதியோரையும் குழந்தைகளையும் கரைசேர்த்தவர்களில் அக்கம்பக்கத்தாரும் தன்னார்வலர்களும் இருந்தனர். இனம், சமயம் எதுவும் அங்கே குறுக்கே வரவில்லை. பெரும் இடரில் முதலில் வந்து நிற்பவர் அண்டை வீட்டார். அந்த அண்டை வீட்டாருக்குச் செய்முறை தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதலில் பார்க்க வேண்டியது ஆபத்து

விழுந்தவரைக் கண்டவுடன் ஓடிச்சென்று தூக்குவது நம் இயல்பு. அந்த ஒரு கணம் நின்று, "இங்கே எனக்கு ஆபத்து உண்டா?" என்று பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேடு கிராமத்தில், அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியதால் 11 பேர் உயிரிழந்தனர். தேர்த் திருவிழா நடத்தும் எந்த ஆலயமும் மறக்கக்கூடாத செய்தி அது. மின்சாரம் பாயும் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவரை நாம் தொட்டால் நாமும் விழுவோம். மின்விளக்குத் தோரணமோ ஒலிபெருக்கிக் கம்பியோ காரணமானால் முதன்மை விசையை அணைத்த பிறகே நெருங்க வேண்டும். சாலையோர உயரழுத்தக் கம்பியானால் அருகில் செல்லவே கூடாது. கூட்டத்தை விலக்கி, 999 எண்ணுக்கு அழைத்து, மின்வாரியத்தார் மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை காத்திருக்க வேண்டும். நடக்கும்போது கண் சாலையில் இருந்தால் போதும். இரதம் நகரும்போது ஒருவருடைய கண் எப்பொழுதும் மேலே இருக்க வேண்டும்.

அடுத்தது அழைப்பு. "யாராவது கூப்பிடுங்கள்" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூறினால், வேறொருவர் கூப்பிட்டிருப்பார் என்று எல்லோரும் எண்ணிக்கொள்வர். ஒருவரைக் கைகாட்டி, "தம்பி, நீங்கள் 999க்கு அழையுங்கள், என்ன சொன்னார்கள் என்று என்னிடம் வந்து கூறுங்கள்" என்று பணிக்க வேண்டும். அழைப்பவர் இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: செக்‌ஷன் எண், சாலைப் பெயர், ஆலயத்தின் எந்த வாயில், என்ன நேர்ந்தது, விழுந்தவருக்கு நினைவும் மூச்சும் உண்டா என்பவற்றைக் கூற வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் போதும் என்று சொல்லும் வரை தொலைபேசியை வைக்கக்கூடாது. இன்னொருவர் வாயிலுக்குச் சென்று நின்று வண்டியை வழிகாட்டி அழைத்துவர வேண்டும்.

அருளும் நோயும்

இனி நான் சொல்லப்போவது சற்று நுட்பமானது. தவறாகக் கொள்ள வேண்டா. திருவிழாவில் உறுமி முழங்கும்போது பக்தர்களுக்கு அருள் வருவது நாம் கண்டுவரும் காட்சி. அதை ஐயுறுவது என் நோக்கமன்று. ஆனால் விழுந்தவர் எல்லோரும் அருள் வந்து விழுந்தவர் அல்லர். விரதமிருந்து, உறங்காமல், வெயிலில் நடந்து வரும் உடலுக்கு நோயும் வரும். அருள் என்று எண்ணி நாம் விலகி நின்று கும்பிட்டுக் கொண்டிருக்கும் நேரத்தில் ஓர் உயிர் பிரிந்துவிடக்கூடும்.

ஆகவே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக் கொள்வோம். விழுந்தவர் யாராயினும், தோள்களைத் தட்டி, உரத்த குரலில் பெயர் சொல்லி அழையுங்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கையை அசைக்கிறாரா என்று பாருங்கள். அசைவில்லையெனில் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்கு மேற்படாமல் பாருங்கள். திருநீறு இடுங்கள், இட்ட கையாலேயே மூச்சையும் பாருங்கள். திருநீற்றை மூக்கிலோ வாயிலோ ஊதவோ போடவோ வேண்டா. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டா. அது நுரையீரலுக்குள் சென்று மூச்சை அடைக்கும். மூச்சு இயல்பாக இருந்து நினைவு மட்டும் இல்லையெனில், ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் தரையை நோக்கியிருக்கும்படி தலையைச் சற்றே பின்புறம் சாய்த்து, மூச்சைக் கவனித்துக் கொண்டேயிருங்கள்.

நாம் இனிப்பு நீர் என்று சொல்லும் நீரிழிவு நோய் நம் சமூகத்தில் மிகுதி. 2019ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியருள் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 31.4 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. மருந்தையோ இன்சுலின் ஊசியையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு உணவை மட்டும் நிறுத்தினால் இரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரெனத் தாழும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், காரணமின்றிச் சினம் வரும், குடித்தவர் போலத் தள்ளாடுவார். பார்ப்பவர் அருள் என்பர், சிலர் மது என்பர். நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரைக் குவளைப் பழச்சாறோ உடனே கொடுங்கள். நம் தண்ணீர்ப் பந்தலில் வைத்திருக்கும் பானகமும் உதவும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒரு முறை கொடுத்து, அம்புலன்ஸை அழையுங்கள். தெளிந்தபின் உணவு கொடுங்கள். காவடியோ பால்குடமோ எடுக்க விரதம் பூணும் நீரிழிவு நோயாளிகள், மருந்தின் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது இன்றும் மறையாத பழக்கம். அதனால் பயனில்லை. பற்களுக்கிடையே கரண்டியைச் செருகுவதோ தீங்கே விளைவிக்கும். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் மென்மையான துணியை வைத்து, அருகிலுள்ள கடினமான பொருள்களை அகற்றி, கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், அடுத்தடுத்து வந்தாலும், அது முதல் முறையாக இருந்தாலும் 999ஐ அழைக்க வேண்டும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. தைப்பூச இரதம் கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலை வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் செல்கிறது. அதன்பின் 272 படிகள் உள்ளன. நம் ஊர்வலம் அவ்வளவு நீண்டதன்று. ஆனால் வெறுங்காலுக்குக் கீழே இருப்பது அதே தார்ச்சாலைதான். தலைசுற்றலும் குமட்டலும் மிகுந்த வியர்வையும் கண்டால் நிழலில் படுக்க வைத்துச் சிறுகச் சிறுகத் தண்ணீர் கொடுங்கள். உடல் அனலாகக் கொதித்து, நினைவு தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்தான வெப்பத்தாக்கு. அம்புலன்ஸை அழைத்துவிட்டு, வரும்வரை உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக் கொண்டேயிருங்கள்.

நின்ற இதயத்தை இயக்குதல்

அழைத்தும் அசைவில்லை, மூச்சும் இல்லை அல்லது இயல்பாக இல்லை. இதுவே எல்லாவற்றிலும் கொடிய நிலை. இதயம் நின்றவுடன் சிலர் மீன் கரையில் வாய் திறப்பதுபோல் அவ்வப்போது காற்றை இழுப்பர். அதை மூச்சு என்று எண்ணி ஏமாறக்கூடாது.

அவரைச் சமமான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். காவடிச் சட்டம் பூட்டியிருந்தால் அதைப் பூட்டியவரே விரைந்து கழற்ற வேண்டும். கன்னத்து அலகு மூச்சுக்குத் தடையாக இருந்தால் அதையும் அகற்ற வேண்டும். இதனால்தான் காவடி எடுப்பவரின் குழுவினர் அவரை விட்டுப் பிரியாமல் உடன்வர வேண்டும். பின்பு மார்பின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றொரு கையை அதன்மேல் கோத்து, முழங்கைகளை மடக்காமல் நேராக அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை; அதாவது நொடிக்கு இரண்டைவிடச் சற்றுக் குறைவு. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பிறகும் மார்பு முழுவதும் மேலெழ விட வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்திற்கு இரண்டு முறை வாய்வழி மூச்சூட்டலாம். பயிற்சி இல்லாதவர் அழுத்திக் கொண்டேயிருந்தால் போதும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்க்கும் மட்டும் மூச்சூட்டுவது இன்றியமையாதது. அழுத்துபவர் விரைவில் களைத்துவிடுவார். ஆகவே இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். நிறுத்தாதீர்கள்.

வெறுங்கைகளால் மார்பை அழுத்தி இரத்தத்தை ஓடச்செய்யும் இம்முறை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆய்ந்தறியப்பட்டு 1960ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் நின்ற இதயத்தை இயக்க மருத்துவர்கள் மார்பையே அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது. இன்று இரண்டு கைகள் உள்ள எவரும் அதைச் செய்யலாம். ஏ.இ.டி. எனப்படும் மின்னதிர்வுக் கருவி அருகில் இருந்தால் உடனே கொண்டுவரச் செய்யுங்கள். அதை இயக்கியதும் அதுவே பேசி வழிகாட்டும். அதிர்வு தேவையில்லாதவர்க்கு அது அதிர்வு கொடுக்காது.

இங்கே சகோதரிகளிடமும் சகோதரர்களிடமும் ஒரு சொல். விழுந்தவர் பெண்ணாக இருந்தால் தொடுவதற்கு ஆண்கள் தயங்குகிறார்கள். அத்தயக்கம் நம் பண்பாட்டிலிருந்து வருவது. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அத்தயக்கம் அவர் உயிரைப் பறித்துவிடும். மாதர் பிரிவினர் இப்பயிற்சியைப் பெருமளவில் பெற வேண்டும் என்பதற்கு இதுவே முதற்காரணம். அவர்கள் வரும்வரையில் ஆண்கள் தொடங்க வேண்டும். மற்றவர்கள் சேலையையோ துண்டையோ விரித்துத் திரையாகப் பிடித்துக் கொள்ளலாம்.

அடுக்களையும் அன்னதானமும்

அன்னதானப் பந்தியில் ஒருவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் தவித்தால், உணவு மூச்சுக்குழலை அடைத்திருக்கிறது. இரும முடிந்தால் இருமச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முன்புறம் குனியச் செய்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். அதிலும் வெளிவராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைகளைக் கோத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுத்து அழுத்துங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கருவுற்ற தாய்மார்க்கு வயிற்றில் அன்று, மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வயிற்றை அழுத்துதல் கூடாது. முதுகில் தட்டுதலும் மார்பில் அழுத்துதலும் மட்டுமே. நினைவிழந்துவிட்டால் உடனே மார்பழுத்தத்தைத் தொடங்க வேண்டும்.

தீப்புண் என்றவுடன் நம் வீடுகளில் கிச்சாப்பு, பற்பசை, மஞ்சள் ஆகியவற்றைத் தேடுகிறோம். இவை வெப்பத்தை உள்ளேயே அடைத்து வைப்பதோடு மருத்துவரின் வேலையையும் கடினமாக்கும். தேவையானது தண்ணீர். ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையலை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், பனிக்கட்டி வைக்காதீர்கள். தூய துணியால் தளர மூடி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சேலையில் தீப்பற்றினால் ஓடவிடாமல் தரையில் உருளச் செய்து, தடித்த துணியால் போர்த்தி அணையுங்கள். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் காலை, நமக்கு அருகிலுள்ள புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிழம்பு எழுந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் அது. விழா நாள் என்று இடர் ஒதுங்கி நிற்பதில்லை.

தேங்காய் உடைக்கும்போதும் காய்கறி நறுக்கும்போதும் ஆழ்ந்த வெட்டு ஏற்பட்டால், தூய துணியை வைத்து நேராக, விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டா. துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காபித் தூளும் குங்குமமும் காயத்திற்கு மருந்தல்ல.

அச்சம் வேண்டா

"உதவப் போய் வழக்கில் மாட்டிக்கொண்டால்?" என்று சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு, ஒருவருடைய சம்மதத்தைப் பெற முடியாத நிலையில், அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயலுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அறிந்ததை மட்டும், அறிந்த அளவில், கவனத்தோடு செய்யுங்கள்.

நிர்வாகக் குழுவினரிடம் நான் பணிவுடன் வைக்கும் கோரிக்கைகள் சில. மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயிண்ட் ஜான் அம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி அளித்து வருகின்றன. திருவிழாவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கி, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஆண் ஒருவர், பெண் ஒருவரையாவது பயிற்சிக்கு அனுப்புங்கள். நான் சொன்னதைக் கேட்டது போதாது. கை பழக வேண்டும். அம்புலன்ஸ் வரும் ஒரு வழியில் எந்த வண்டியும் நிற்காதபடி கயிறு கட்டுங்கள். முதலுதவிப் பெட்டியைப் பூட்டிவைத்துச் சாவியைத் தேடும் நிலை வேண்டா. ஒலிபெருக்கியின் அருகில் இருப்பவர், "கூட்டம் சேர வேண்டா, வழிவிடுங்கள்" என்று அமைதியாக அறிவிக்கப் பழகட்டும். இயலுமானால் நன்கொடையாளர் ஒருவரின் துணையோடு ஆலயத்தில் மின்னதிர்வுக் கருவி ஒன்றை வையுங்கள்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் நிறைவில், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுபவனையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே எண்ணுகிறார். அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் போற்றுகிறது. வழிநடந்து வருவோரின் தாகம் அறிந்து செய்த தொண்டு அது. இன்றும் நம் தண்ணீர்ப் பந்தலுக்கு வருவோரில் யாருக்கு எப்பொழுது என்ன நேரும் என்று நமக்குத் தெரியாது. நீர் கொடுக்கும் அந்தக் கைகளே, தேவைப்படும் நொடியில் ஓர் உயிரைத் தாங்கவும் கற்றுக்கொள்ளட்டும்.